எல்லோருக்கும் ஒரே அத்தை

கோஸ்தா ரிக்காவின் எல்லையூரான லா குரூஸில், பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் யெல்பா ஓபாந்தோ பார்க்கிற வேலைக்குப் பெயர் கிடையாது. பலகையில் நகல், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, ரீசார்ஜ் என்று எழுதியிருக்கிறது. அதெல்லாம் உண்டுதான். ஆனால் நவம்பர் பிறந்துவிட்டால் கடை வாசலில் நிற்கிற கூட்டம் நகல் எடுக்க வந்த கூட்டம் இல்லை. டிசம்பரில் எல்லை தாண்டிப் போய், கன்னிமரியாள் திருநாளையும் கிறிஸ்துமஸையும் நிக்காரகுவாவில் சொந்த வீட்டில் கழிக்க ஆசைப்படுகிறவர்கள் அவர்கள். இந்தப் பக்கம் கொத்து வேலையும் வீட்டு வேலையும் செய்து வாழ்கிறவர்கள். எல்லையில் யாராவது போனை வாங்கிப் பார்ப்பார்களோ என்ற பயம் அவர்களை யெல்பாவிடம் கொண்டுவந்து விடுகிறது.

யெல்பாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. காலையில் கடை திறக்கும்போதே சாயங்காலக் களைப்பு முகத்தில் இருக்கும். வந்துபோகிறவர்கள் மரியாதையாக அவளை 'தோன்யா' என்பார்கள். பயந்தவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். 'எல்லாத்தையும் துடைச்சிட்டேன் தோன்யா' என்று பெருமையாகப் போனை நீட்டுகிறவர்களைத்தான் அவளால் சகிக்க முடியாது.

"துடைச்சிட்டியா? ஏம்ப்பா, நாப்பது வயசு ஆளு போன்ல ஒரு குட் மார்னிங் படம் இல்ல, மச்சானோட சண்டை இல்ல, ஒண்ணுமே இல்லன்னா எவன் நம்புவான்? உன் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டான், நேரா உள்ள கூட்டிட்டுப் போயிடுவான்."

அதனால் அவள் செய்வது துடைப்பது அல்ல, உடுத்துவது. முதலில் அழிக்க வேண்டியதை அழிப்பாள். செய்திகளின் பிரதி எங்காவது தானாகச் சேமிப்பாகிறதா என்று பார்த்து நிறுத்துவாள். கைரேகைப் பூட்டை நீக்கிவிட்டு எண் பூட்டு வைப்பாள். வேறு கணினி எதிலாவது கணக்கு திறந்து கிடக்கிறதா என்று இரண்டு தடவை பார்ப்பாள். இதை மட்டும் ஏன் இரண்டு தடவை என்று யாரும் கேட்டதில்லை. பிறகு அந்த வெறும் போனுக்கு ஒரு சாதாரண வாழ்க்கையை மாட்டிவிடுவாள். ஒரு கோயில் ஜெபக் குழு, பேஸ்பால் கேலிப் படங்கள், வாழையிலையில் கட்டி அவிக்கிற நக்கத்தமாலுக்கு எவ்வளவு பன்றிக்கொழுப்பு போடுவது என்று ஒரு தகராறு. எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அத்தை.

அத்தையின் பெயர் செப்பித்தா. அப்படி ஒருத்தி உலகத்திலேயே இல்லை. கடையில் தனியாக ஒரு பழைய போன் உண்டு. வாடிக்கையாளரின் போனில் அந்த எண்ணை 'செப்பித்தா அத்தை' என்று பதிந்துவிட்டு, தினமும் காலையில் அதிலிருந்து ஒரு குரல் செய்தி அனுப்புவாள். மழை பெய்தது, பீன்ஸ் வெந்தது, சாப்பிட்டியா. அவ்வளவுதான். ஒரே நாளில் பதினைந்து செய்தி வந்திருந்தால் அது ஜோடனை என்று குழந்தைக்கும் தெரியும் என்பதால், பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே வந்து பெயர் கொடுக்க வேண்டும் என்பது கடைச் சட்டம். கடை முதலாளி வினிசியோ, கோஸ்தா ரிக்காக்காரர், இதைக் கண்டும் காணாததுபோல் இருப்பார். ஒருநாள் மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன் யெல்பா, உங்க ஊர்ல அத்தைங்க எல்லாருக்கும் ஒரே தொண்டையா?"

"ஆமா முதலாளி. வறுமை. ஒரு தொண்டைய வெச்சு எல்லாரும் சமாளிக்கிறோம்."

அந்தத் தொண்டை யெல்பாவின் அம்மாவுடையது. எமேரித்தா, எண்பது வயது, எல்லைக்கு அந்தப் பக்கம் ரீவாஸில் இளைய மகள் நுபியாவோடு இருந்தாள். தினமும் விடியற்காலையில் யெல்பாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவாள். அம்மா என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது என்று யெல்பாதான் சட்டம் போட்டிருந்தாள். யார் பெயரும் கூடாது. யெல்பாவின் பெயர்கூடக் கூடாது. 'எப்ப வருவ' கூடாது. பக்கத்து வீட்டுக்கு யார் வந்தார்கள் போனார்கள் கூடாது. மழை பேசலாம், சமையல் பேசலாம், கோழி பேசலாம். எல்லாச் செய்தியும் இருபத்து நாலு மணி நேரத்தில் இரண்டு பக்கமும் தானாக அழிந்துவிடும்படி வைத்திருந்தாள். ஏழு வருடம் தாயும் மகளும் இப்படித்தான் பேசினார்கள்.

"என்னைய கோழி டாக்டராவே ஆக்கிட்ட" என்று அம்மா ஆரம்பத்தில் சிரித்தாள். பிறகு சிரிப்பது நின்றுவிட்டது. கோழி மட்டும் தொடர்ந்தது.

இவ்வளவு கெடுபிடி பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். யெல்பாவுக்கு அந்தப் பைத்தியம் பிடிக்கக் காரணம் இருந்தது. ரீவாஸில் அவளுக்கு ஒரு சின்ன இணையக் கடை இருந்தது, மூன்று கணினிகள். அரசாங்கத்தை எதிர்த்துத் தெருவெல்லாம் தடுப்புக் கற்கள் அடுக்கிய அந்த வருடம், மாணவர்கள் வந்து போனைத் திரைக்கு நேரே காட்டி, தங்கள் செய்திகளைப் பெரிய திரையில் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். அவர்கள் பயன்படுத்தியது நல்ல பூட்டுப் போட்ட செயலிதான். அனுப்பியவனும் வாங்கியவனும் தவிர வழியில் எவனும் பிரித்துப் படிக்க முடியாது. வழியில் எவனும் படிக்கவும் இல்லை. ஒரு பெண் அவசரத்தில் மூன்றாம் நம்பர் கணினியில் கணக்கை மூடாமல் போய்விட்டாள். மறுநாளிலிருந்து எட்டு நாள் ஒருவன் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். நல்ல மரியாதையான ஆள். வெயிலாக இருக்கிறதே என்று யெல்பா அவனுக்குப் புளித்தண்ணீரில் ஐஸ் போட்டுக் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் போலீஸ்காரர்கள் இரண்டு பையன்களைக் கொண்டுபோனார்கள். ஒருவன் மூன்று வருடம் கழித்து வந்தான். இன்னொருவன் வரவே இல்லை. கடை மூடும்போது மூன்று கணினியையும் எட்டிப் பார்த்திருந்தால் போதும், அரை நிமிட வேலை. அதை அவள் செய்யவில்லை. மாணவர்கள் கூடிய கடைக்காரி என்று அவளையும் தேடினார்கள்; யெல்பா காட்டு வழியாக எல்லை தாண்டி வந்தாள். அந்தப் பையன்களின் அம்மாக்கள் தன் பெயரை எப்படிச் சொல்வார்கள் என்பதை நினைக்காமல் அவள் தூங்கிய நாள் குறைவு. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. அதற்கும் சட்டம் அவள் போட்டதே.

அம்மாவின் குரலை அத்தையாக்கும் முறை எளிது. ஒருவர் செய்தியை அப்படியே இன்னொருவருக்குத் தள்ளிவிட்டால் அது தள்ளிவிட்டது என்று போனே காட்டிக்கொடுக்கும். அதனால் தன் போனையும் கடைப் போனையும் ஒரு செருப்புப் பெட்டிக்குள் துண்டு விரித்து முகத்துக்கு முகம் வைப்பாள். ஒன்றில் அம்மாவை ஓடவிட்டு, மற்றதில் பதிவு செய்வாள். மூடியைச் சாத்திவிட்டால் கடைச் சத்தம் விழாது. அம்மா எப்போதும் 'மகளே' என்றுதான் தொடங்குவாள். ஆண் வாடிக்கையாளர் என்றால் அந்தச் சொல் தாண்டிய பிறகுதான் பதிவை அழுத்துவாள். சனிக்கிழமைதோறும் கடைப் போனைத் துடைத்துவிடுவாள். ஊருக்குப் போய் வந்தவர்களிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்: "வந்ததும் அத்தைய அழிச்சிடணும். ஒரே குரல் பத்துப் பேர் போன்ல மாட்டிச்சுன்னா பத்துப் பேரும் காலி."

போன டிசம்பர் அவளை நசுக்கிவிட்டது. முப்பத்தெட்டு போன்கள். திருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது நகல் இயந்திரம் வேறு காகிதத்தைக் கடித்துக் கடித்துத் துப்பியது. அன்று காலை அம்மாவின் செய்தியை அவள் முதல் இரண்டு வரிதான் கேட்டாள். மழை, பீன்ஸ். தெரிந்ததுதானே. பெட்டியில் போன்களை வைத்தாள், அழுத்தினாள், மூடி எங்கே என்று தேடக்கூட நேரமில்லாமல் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். அது எவெனோர் என்ற கொத்தனாருக்குப் போக வேண்டியது. போய்விட்டது. அவள் மறுபடி போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் அம்மாவின் செய்தியில் கோழிக்கு நடுவே ஒரு கேள்வி வந்தது. "நேத்து அனுப்பிச்சத கேட்டியா மகளே?"

"கேட்டேம்மா" என்று யெல்பா தட்டி அனுப்பினாள். எல்லா நாளும் அனுப்புகிற பதில்தான்.

பிப்ரவரியில் அம்மா இறந்தாள். நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள். நுபியா எழுதிய இரண்டு வரியும் மறுநாள் தானாக அழிந்துபோயின. எல்லைக்கு இருபது நிமிடப் பயணம். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரம். யெல்பாவால் போக முடியாது. எத்தனையோ பேரை அந்தப் பக்கம் அனுப்பிவைத்தவளுக்குத் தன் முகத்துக்கு மாட்ட ஒரு சட்டை கிடைக்கவில்லை. அன்றும் கடையைத் திறந்தாள், வேறென்ன செய்வது என்று தெரியாமல்.

ஒன்பது நாள் ஜெபம் முடிந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. அம்மாவின் குரல் எங்குமே இல்லை. தன் போனில் இல்லை. நுபியாவை அழைத்தாள்.

"அம்மா போன்ல ஏதாச்சும் இருக்கா? ஒரு வாய்ஸ், ஒரு வீடியோ?"

"எங்கக்கா இருக்கும்? எல்லாத்தையும் அழியற மாதிரி வெச்சுக் குடுத்தது நீதான."

"உன் போன்ல?"

"நீ சொன்னபடிதான் நானும் வெச்சிருக்கேன். போட்டோ ஒண்ணு இருக்கு. அனுப்பட்டா?"

போட்டோ வந்தது. போட்டோ பேசாது. நாலாயிரம் குட் மார்னிங் படங்களும் கேலிச் சித்திரங்களும் அந்நியர் போன்களில் பத்திரமாக இருக்க, பெற்ற தாயின் தொண்டையை மட்டும் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒழித்துக்கட்டியிருக்கிறேனே என்று யெல்பாவுக்குத் தன்மீதே வெறுப்பு வந்தது. வாய்விட்டு அழுதாள். அதோடு விடவில்லை. டிசம்பரில் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வர வர, கடையில் நிறுத்திக் கேட்டாள்.

"அத்தைய வெச்சிருக்கீங்களா?"

"ஐயோ இல்ல தோன்யா, பஸ்ஸ விட்டு இறங்கறதுக்குள்ள அழிச்சிட்டேன். நீங்க சொன்னத மீறுவேனா?"

இப்படி முப்பது பேருக்கு மேல். எல்லோரும் நல்ல பிள்ளைகள். அவளிடம் பாராட்டை எதிர்பார்த்து நின்றார்கள். "நல்லதுப்பா" என்று சொல்லி அனுப்பினாள். ஒரு பெண் மட்டும், திட்டு விழும் என்ற பயத்தில், புது போனே வாங்கிவிட்டதாகச் சொன்னாள்.

மார்ச் மாதம் ஒரு மதியம் எவெனோர் வந்தான். சிமெண்ட் படிந்த செருப்பு, கையில் சீஸ் பொட்டலம். எப்போதும் வந்ததும் வாயடிக்கிற ஆள், அன்று கவுண்டர் ஓரமாக நின்று தொண்டையைச் செருமினான்.

"தோன்யா, ஒரு தப்பு பண்ணிட்டேன். திட்டக் கூடாது."

"என்ன?"

"உங்க தப்பும் கொஞ்சம் இருக்கு. அத்தை என்னைய 'மகளே'ன்னு கூப்பிடறாங்க."

யெல்பா தலைநிமிர்ந்தாள்.

"செக்கிங்ல அந்தாளு போன வாங்கி, தள்ளித் தள்ளிப் பாத்தான். கடைசியா அந்த வாய்ஸத்தான் அமுக்குனான். 'மகளே, எந்திரிச்சிட்டியா'ன்னு வருது. என் மீசையப் பாக்கறான், போனப் பாக்கறான். என் வாய் சும்மா இருக்குமா? 'சார், எங்கத்தைக்கு எண்பது வயசு, எந்த பட்டன அமுக்கறோம், யாருக்குப் போவுதுன்னே தெரியாது, தங்கச்சிக்கு அனுப்பறதெல்லாம் எனக்குத்தான் வருது'ன்னேன். அவன் சிரிச்சிட்டான். 'எங்க பெரியம்மாவும் இதே கேசுதான், போ'ன்னு குடுத்துட்டான்."

"அத அழிச்சிட்டியா?"

"அதான் சொல்ல வர்றேன். அழிக்கல. எங்கம்மா போயி ஆறு வருஷமாச்சு தோன்யா. சாப்பிட்டியான்னு கேக்க ஆளில்ல. தினம் சாரத்துல ஏறறதுக்கு முன்னாடி ஒருக்கா கேப்பேன். தப்புதான்." பொட்டலத்தைக் கை மாற்றினான். "ஆனா ஒண்ணு. அதுல கோழிக்கப்புறம் அத்தை வேற என்னமோ பேசறாங்க. ஊருக்குப் போய்த்தான் முழுசாக் கேட்டேன். அந்தாளு மட்டும் இன்னும் அரை நிமிஷம் ஓட விட்டிருந்தா, நான் இங்க நிக்கமாட்டேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

யெல்பா கையை நீட்டினாள். அவன் செய்தியைத் தேடி எடுத்துப் போனைக் கொடுத்தான். அவள் அதைக் காதோடு வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மகளே, எந்திரிச்சிட்டியா? ராத்திரி பூரா மழை. பீன்ஸ ஊற வெச்சிட்டேன். சாப்பிட்டியா நீ? வெள்ளக் கோழி இன்னிக்கும் முட்டை வைக்கல."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அம்மா மூச்சு வாங்கினாள்.

"எத்தனை வருஷம்டி இந்தக் கோழியப் பத்தியே பேசறது? எனக்கு அலுத்துப் போச்சு. இன்னிக்கு ஒரு நாள் உன் சட்டத்த மீறிக்கறேன். நாளைக்கு அழிஞ்சிரும் இல்ல? அந்த ரெண்டு பசங்களோட அம்மாங்களும் ஞாயித்துக்கிழமையானா என்னையப் பாக்க வர்றாங்க. மூணு வருஷமா வர்றாங்க. உன்னையத் திட்ட இல்ல. நீ நல்லா சாப்பிடறியா, தூங்கறியான்னு கேக்கறாங்க. இத எப்படிக் கோழிக்குள்ள வெச்சுச் சொல்றதுன்னு எனக்கு வரல. அவங்க மனசுல ஒண்ணுமில்ல. நீயும் ஒண்ணும் வெச்சுக்காத. கேக்குதா? யெல்பா, கேக்குதா?"

ஏழு வருடத்தில் அம்மா அவள் பெயரைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதன் மேலேயே, பக்கத்திலிருந்து, உரக்க, இன்னொரு குரல் பதிவாகியிருந்தது. மூடாத பெட்டிக்குள் வந்து விழுந்த கடைச் சத்தம். யெல்பாவின் குரல்தான், களைத்து, எரிந்து விழுகிற குரல்.

"அடுத்தது யாரு? சீக்கிரம் வாங்க."

அத்தோடு செய்தி முடிந்தது.

யெல்பா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கண்ணீர் தாடை வரை வந்து கவுண்டரில் சொட்டியது. எவெனோர் சீஸ் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"உங்க அம்மாவா தோன்யா?"

அவள் தலையசைத்தாள். அவன் தொப்பியைக் கழற்றினான்.

"எனக்குத் தெரியாமப் போச்சே. எடுத்துக்கங்க. அப்புறம் என் போன்லேர்ந்து அழிச்சிருங்க, அது என்கிட்ட இருக்கக் கூடாது. அந்த அம்மாங்க பேச்செல்லாம் வருது." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கூச்சத்தோடு சேர்த்துச் சொன்னான். "கோழி வரைக்கும் மட்டும் எனக்கு விடறீங்களா?"

"விடறேன்ப்பா."

செருப்புப் பெட்டி மேசைக்கு அடியில் இருந்தது. அதை எடுத்துத் துண்டை உதறி விரித்தாள். தன் போனை எடுத்து, இருபத்து நாலு மணி நேரத்தில் அழிகிற அந்த ஏற்பாட்டை முதலில் நிறுத்தினாள். அவள் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றுக்கும் எதிரான காரியம். தெரிந்தேதான் செய்தாள். பிறகு இரண்டு போன்களையும் முகத்துக்கு முகம் வைத்து, அழுத்தி, நகல் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தாள். இந்தத் தடவை மூடியைத் தேடிச் சாத்தினாள். அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் ஒரு பெண் பிறப்புச் சான்றிதழோடு எட்டிப் பார்த்தாள்.

"தோன்யா, ஒரு நகல். அடுத்தது நான்தானே?"

"கொஞ்சம் இருங்க" என்றாள் யெல்பா, குரலைத் தாழ்த்தி. "எங்கம்மா பேசிட்டிருக்காங்க."